ஹெக்கா மேட்டில் எழுந்த புகை

எல்லெண்டன் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இன்னொரு வீடு தெரியாது. தெரிந்தால் இருவரில் ஒருவர் இடம் தவறிக் கட்டிவிட்டார் என்று பொருள். ஒன்பது குடிகளுக்கு ஒன்பது மேடுகள். நடுவில் காடு, ஓடை, பன்றி மேயும் கருவாலித் தோப்பு. பக்கத்துக் குடி உயிரோடு இருக்கிறதா என்பதைக் காலையில் மரங்களுக்கு மேலே எழும் புகையை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இரண்டு நாள் புகை வரவில்லை என்றால் யாராவது ஒருவர் ரொட்டியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். எது தேவைப்படும் என்று போன பிறகுதான் தெரியும்.

மில்ட்ரித் இப்படி ஒரு மேட்டில் பிறந்து இன்னொரு மேட்டுக்கு மருமகளாய்ப் போனவள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், இடது கைக்காரி. தறியில் அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள், முழங்கை இடிக்கும். அவளிடம் எதுவும் தங்காது. ஓடையில் தண்ணீர் குறைந்ததையும் நரி கோழி தூக்கியதையும் தனக்கு வயிறு சரியில்லாததையும் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவாள். ஆள் கிடைக்காத நாளில் மாட்டிடம் சொல்வாள். அவள் கணவன் ஆஸ்விக் வாய் திறக்காதவன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசினாள் என்று ஊரில் சொன்னார்கள். அந்த ஏற்பாடு பதினேழு வருடம் நன்றாகவே நடந்தது.

புகுந்த வீட்டு மேட்டுக்கு ஹெக்கா மேடு என்று பெயர். ஹெக்கா என்பவன் யார், எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. படகில் வந்தான் என்பார்கள். அவனுக்குப் பிறகு அவன் வழியினர் ஆறு வீடு கட்டியிருந்தார்கள். மரத்தூண் மண்ணில் முப்பது வருடம் நிற்கும், பிறகு அடியில் உளுத்துவிடும். அழுகிய தூண் இருந்த குழியில் புதுத் தூண் நடுவதில்லை. நாற்பது ஐம்பது அடி தள்ளிப் புது வீடு கட்டி, பழைய அடுப்பிலிருந்து நெருப்பை மண்சட்டியில் எடுத்துப் போவார்கள். பாதியைத்தான் எடுப்பார்கள். மீதித் தணல் பழைய தரையிலேயே தானாக அடங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் பழைய வீடு நின்ற இடத்தை உழுவார்கள்.

அந்த இடங்கள்தான் ஹெக்கா மேட்டின் சொத்து. முப்பது வருடச் சாம்பல், மாட்டுச் சாணம், எலும்பு, மீன்முள், கொட்டிய கஞ்சித் தண்ணீர் எல்லாம் ஊறி மண் கன்னங்கரேலென்று இருக்கும். பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்புக் களிமண். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயிலில் கலப்பையை உடைக்கும். ஹெக்கா மேட்டில் மட்டும் ஐந்து கருப்புத் திட்டுகள். களிமண்ணில் பார்லி முழங்கால் வந்தால் கருமண்ணில் இடுப்புக்கு வரும். மில்ட்ரித் கல்யாணமாகி வந்த முதல் வருடம் அந்த மண்ணை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, "இது மண்ணா, சமைச்சு வெச்சதா?" என்று கேட்டாளாம்.

ஆஸ்விக் ஒரு மாசி மாதம் காய்ச்சலில் போனான். அதே வருடம் மாடுகளுக்கு வாய்நோய் வந்தது. நான்கு எருதில் மூன்று செத்து, செம்பன் என்ற கிழட்டுச் சிவப்பு எருது மட்டும் மிஞ்சியது. வீட்டில் அவளும் பதினான்கு வயது மகள் டிப்பாவும். ஒற்றை எருதை வைத்துக்கொண்டு தோட்டம் கிளறலாம், உழ முடியாது. அந்தப் பங்குனியில் தாயும் மகளும் மண்வெட்டியால் ஒரு கருப்புத் திட்டை மட்டும் கொத்திப் போட்டார்கள். மற்ற நான்கிலும் நெருஞ்சி முளைத்தது.

*

பள்ளத்தாக்கை அரசர் விக்ஹெல்ம் பிரபுவுக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிரபு வருடத்துக்கு ஒருமுறை வந்து வேட்டையாடிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அவருடைய காரியஸ்தர் டுடாதான். டுடா வடக்கே எங்கோ பெரிய மடத்து நிலத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், குட்டையானவர், எதையும் கையால் கோடு போட்டுத்தான் பேசுவார். ஓடைக்கு மேலே முகட்டில் மரத்தால் ஒரு சிறு தேவாலயம் எழுந்தது. அதிலிருந்து நேராக ஒரு பாதை. பாதையின் இரண்டு பக்கமும் கழி நட்டு, ஒரே அகலத்தில் மனைகள். ஒன்பது குடிகளும் மேடுகளை விட்டு அங்கே வந்து அடுத்தடுத்து வீடு கட்ட வேண்டும். நிலமெல்லாம் ஒன்றாகச் சேரும். எட்டு எருது பூட்டிய பெருங்கலப்பை எல்லாருக்கும் பொது. உழுத நிலத்தை நீளக் கீற்றுகளாகப் பிரித்து ஆளுக்கு இத்தனை என்று கொடுப்பார்கள். புது ஊருக்கு விக்ஹெல்ம்டன் என்று பெயர் வைத்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வரிசை என்றே சொன்னார்கள். கோழிக்கூண்டு என்று சொன்னவர்களும் உண்டு.

ஒரு வருடம் முழுக்க யாரும் நகரவில்லை. டுடா கட்டாயப்படுத்தவில்லை, ஆசை காட்டினார். முதலில் வருகிறவருக்குக் கீற்றுப் பிரிக்கும் நாளில் முதல் தேர்வு, எங்கே வேண்டும் என்று கை நீட்டலாம் என்றார்.

மில்ட்ரித்தின் தம்பி டில்ரெட் அந்தச் செய்தியோடுதான் ஒரு சாயங்காலம் வந்தான். அவளைவிட ஆறு வயது இளையவன். அவனைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்ததால்தான் தன் வலது தோள் தாழ்ந்துவிட்டது என்று அவள் எல்லாரிடமும் சொல்வாள். சிரித்த முகம், இனிக்கப் பேசுவான், யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டே பேசுவான். அன்றைக்கு அவளுடைய உடைந்த வாளிக்கு வளையம் போட்டுக்கொண்டே பேசினான். அவனுக்கு நான்கு பிள்ளைகள், காட்டோரத்தில் கல்லும் வேருமாக ஒரு மேடு. அடுத்த மேட்டுக்காரர் ஹூன்ஸ்டானும் வந்திருந்தார். பன்றி ஒன்று வழிதவறி வந்ததா என்று கேட்க வந்தவர், பீர் ஊற்றியதும் பன்றியை மறந்து உட்கார்ந்துவிட்டார்.

மில்ட்ரித்துக்கு ஒரே கணக்குத்தான். உழவு வேண்டும், அது வரிசைக்குப் போனால்தான் கிடைக்கும். ஆனால் கருமண் போய்விடக் கூடாது. முதல் தேர்வு கிடைத்தால் கருமண்ணையே கேட்டு வாங்கிவிடலாம். ஒன்றுதான் இடித்தது. வரிசைக்கு முழுதாக வந்தவருக்கே முதல் தேர்வு என்று டுடா சொல்லியிருந்தார். பழைய அடுப்பில் ஒரு தணல் கூட இருக்கக் கூடாது, நின்று அணைத்துவிட்டு வர வேண்டும். ஆனால் பள்ளத்தாக்கின் வழக்கப்படி ஒரு குளிர்காலம் முழுக்கப் புகையில்லாமல் கிடந்த மேடு யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாதது பிரபுவின் சொந்த உழவுக்குப் போய்விடும்.

"இதுக்கா ராத்தூக்கம் கெடுத்துக்கறே?" என்றான் டில்ரெட். "நீ அணைச்சிட்டுப் போ. காரியஸ்தர் கண்ணால பாக்கட்டும். மறுநாளே நான் வந்து ஒரு நெருப்பு போடறேன். குளிர்காலம் முடியற வரைக்கும் புகை நிக்காம பாத்துக்கறேன். உன் பேர்லதான் எரியும். தையில நெலம் பிரிக்கறப்போ நீ கை நீட்டு. அவ்வளவுதான்."

"ஊர்ல கேட்டா?"

"அக்கா மேட்டை தம்பி காக்கறான்னு சொல்லு. பொய்யா அது?"

அவள் ஹூன்ஸ்டானைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா அண்ணா? நாளைக்கு நீங்கதான் சாட்சி."

ஹூன்ஸ்டான் கிண்ணத்தை உயர்த்திக் காட்டினார். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

*

மாட்டுக்குப் புல் வெட்டிக் காயவைப்பதற்கும் கதிர் அறுப்புக்கும் நடுவில் வரிசையில் வீடு எழுந்தது. டில்ரெட்டும் அவன் மூத்த பிள்ளைகள் இருவரும் பத்து நாள் உழைத்தார்கள். நல்ல தூண்களையும் கதவையும் பழைய வீட்டிலிருந்து பிரித்து எடுத்துப் போனார்கள். அறுப்பு முடிந்த மூன்றாம் நாள் டுடா வந்து நின்றார்.

கூரை இல்லாத தரையில், வெட்டவெளியில், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மில்ட்ரித் தணலை வாரிச் சட்டியில் போட்டாள். வழக்கத்தில் பாதியோடு நிறுத்துவாள். அன்றைக்கு அடிவரைக்கும் வாரினாள். கல்லுக்கடியில் இரண்டு மூன்று தணல் ஒளிந்திருந்தது. டுடா குனிந்து விரலால் காட்டினார். டில்ரெட் ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து, அவன் வளையம் போட்ட அதே வாளியை அவள் கையில் கொடுத்தான். ஹெக்கா வந்த நாள் முதல் அந்த நெருப்பின் மேல் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. மகள் டிப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மில்ட்ரித் ஊற்றினாள். அடுப்புக்கல் படீரென்று வெடித்தது. டுடா தலையாட்டிவிட்டுக் குதிரை ஏறினார்.

வரிசைக்குப் போகும் வழியெல்லாம் மில்ட்ரித் பேசவில்லை. டிப்பாவுக்கு அதுதான் பயமாக இருந்ததாம்.

மறுநாள் விடிந்ததும் முகட்டிலிருந்து எதிர்ச்சரிவைப் பார்த்தாள். ஹெக்கா மேட்டில் புகை. மெலிதாக, நேராக, எப்போதும் எழுவதைப் போலவே எழுந்தது. அவள் ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். பிறகு வாய் திறந்தது. பாதிரியாரிடம் சொன்னாள், தண்ணீர் எடுக்க வந்தவர்களிடம் சொன்னாள், கூரை வேய வந்தவனிடம் சொன்னாள். "பாத்தீங்களா, என் தம்பி நெருப்பு போட்டுட்டான். சொன்ன சொல் தவறாதவன்."

அறுப்புக்குப் பின்னால் மற்றக் குடிகளும் ஒவ்வொன்றாக வந்தன. விதவை போய்விட்டாள், நமக்கென்ன என்று வந்தார்கள். கார்த்திகைக்குள் வரிசையில் ஏழு வீடு. வாழ்நாளெல்லாம் காட்டுக்கு நடுவில் இருந்தவர்கள் திடீரென்று ஒருவர் குறட்டையை ஒருவர் கேட்டார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது. கோழி யாருடையது என்று சண்டை வந்தது. மில்ட்ரித்துக்கு மட்டும் அது பிடித்திருந்தது. கேட்பதற்கு ஆள் இருந்தது. தினமும் காலையில் பாதையில் நின்று, "இன்னைக்கும் புகை வருது. டில்ரெட் போட்ட நெருப்பு" என்பாள். பனி பெய்து பள்ளத்தாக்கே வெள்ளையாகக் கிடந்த நாட்களில் அந்தப் புகை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பனியில் தினமும் நடந்து போய் நெருப்பை ஊட்டுகிறானே என்று அவளுக்கு மனசு கரைந்தது. டிப்பாவிடம் ஒரு சாண் அகலக் கம்பளித் துணி நெய்யச் சொல்லி, தம்பி கழுத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஒருமுறை மட்டும் டிப்பா, "மாமா அங்கேயே கொட்டகை போட்டுட்டாராம். அத்தையும் அங்கேதான் இருக்காங்களாம்" என்றாள்.

"பின்னே? இந்தக் குளிர்ல தினமும் நடப்பானா?" என்றாள் மில்ட்ரித்.

*

தை மாதத்து மெழுகுத்திரித் திருநாளுக்கு மறுநாள் ஊர்க்கூட்டம் தேவாலயத்துக்குக் கீழே ஒரு பெரிய மரத்தடியில் கூடியது. தரையில் வெள்ளைக் கழிகள் நட்டு வயல்களைக் குறித்திருந்தார்கள். டுடா தோல்விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தார். டில்ரெட் அவருக்குப் பக்கத்தில் நின்றான், கழுத்தில் டிப்பா நெய்த துணி, கையில் ஒரு ஊதுகொம்பு. பயிர்க்காவலுக்கு அவனை நியமித்திருந்தார்கள் என்பது அந்தக் கொம்பைப் பார்த்தபோதுதான் மில்ட்ரித்துக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட்டாள். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சின்னதாக ஒரு கோபமும் வந்தது.

முதல் தேர்வு அவளுக்கு. எழுந்து எதிர்ச்சரிவைப் பார்த்துக் கை நீட்டினாள். "ஹெக்கா மேடு. அஞ்சு கருப்புத் திட்டும்."

டுடா கழிகளைப் பார்த்தார். அந்த மேடு பிரிக்கிற நிலத்தில் இல்லை என்றார். அது ஒரு குடியின் அடுப்புநிலம், குளிர்காலம் முழுக்க அங்கே நெருப்பு எரித்தவருக்கே சொந்தம். அறுப்பு முதல் இன்றுவரை அங்கே புகை நின்றதில்லை.

"ஆமாங்க, நிக்கலை. அது என் பேர்ல எரியற நெருப்பு."

"உன் நெருப்பை நீ அணைச்சே. நான் பக்கத்துல நின்னேன்."

"அது நான் அணைச்சது. அப்புறம் போட்டது என் தம்பி. எனக்காகப் போட்டான். கேளுங்க அவனை."

எல்லாரும் டில்ரெட்டைப் பார்த்தார்கள். அவன் கொம்பைக் கை மாற்றிப் பிடித்தான். குரல் இனிப்பாகவே இருந்தது. அக்கா தண்ணீர் ஊற்றி அணைத்ததைக் காரியஸ்தரே பார்த்தார் என்றான். செத்த மேட்டில் நெருப்பு மூட்டியது தான்தான் என்றும், பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கே குளிர்காலம் கழித்ததை ஊரே பார்த்தது என்றும் சொன்னான். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"எனக்குன்னு சொன்னியா இல்லையாடா?"

"அக்கா, வாய்ப்பேச்சு ஆயிரம் பேசுவோம்."

டுடா வழக்கத்தைச் சொன்னார். அவள் பேச்சுக்குப் பக்கபலமாகச் சத்தியம் பண்ண ஒருவர் வந்தால் போதும், மற்றவர்களுக்கு இரண்டு பேர் வேண்டும், விதவை என்பதால் அவளிடம் இரண்டு கேட்கவில்லை. ஒரே ஒருவர், காதால் கேட்டவர். மில்ட்ரித் கூட்டத்தில் தேடினாள். ஹூன்ஸ்டான் மூன்றாம் வரிசையில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடையை ஒட்டிய மனை, தண்ணீருக்கு நடக்க வேண்டாத மனை, முந்தின வாரம்தான் அவருக்குக் கிடைத்திருந்தது.

"அண்ணா, நீங்க இருந்தீங்க. உங்க முன்னாடிதான் சொன்னான்."

"இருந்தேம்மா," என்றார் ஹூன்ஸ்டான். "பீர் குடிச்சிட்டிருந்தேன். நல்ல பீர். காதுல ஒண்ணும் விழலை."

சிலர் சிரித்தார்கள். மில்ட்ரித்தும் ஒரு கணம் சிரிக்கப் போனாள், வழக்கமாக அவர் வேடிக்கையாகப் பேசுகிறவர். பிறகு அவர் நிமிரவே இல்லை என்பதைக் கவனித்தாள்.

டுடா கூட்டத்தைப் பார்த்து, அந்தப் புகை யார் நெருப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். பிறகு கூரை வேய்கிறவன், நல்லவன், அவளுக்கு உதவுவதாகவே நினைத்தானோ என்னவோ, "டில்ரெட் நெருப்புங்க. இந்த அம்மாவே தினமும் சொல்லுச்சு" என்றான். தண்ணீர் எடுக்கும் பெண்கள் ஆமாம் என்றார்கள். பாதிரியார்கூடத் தலையசைத்தார். டில்ரெட் போட்ட நெருப்பு, டில்ரெட் போட்ட நெருப்பு. ஒரு குளிர்காலம் முழுக்க அவள் வாயால் ஊரெல்லாம் விதைத்த சாட்சி, ஏழு வீட்டிலும் முளைத்து நின்றது.

அவள் தம்பியிடம் கத்தவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாளி செய்துகொடுத்த கை, பத்து நாள் தூண் சுமந்த தோள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்ப்பவள்போல் இருந்தாள். எப்போது முடிவு செய்தான்? வாளிக்கு வளையம் போட்டபோதா? அல்லது முதலில் நிஜமாகவே அவளுக்காக மூட்டி, பனிக்காலத்தில் ஒருநாள் அந்தக் கருமண்ணில் படுத்துத் தூங்கி எழுந்தபோதா? அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கடைசிவரை தெரியவில்லை.

வேறு நிலம் கேள் என்றார் டுடா. அவள் அருகில் இருந்த கழியைக் காட்டினாள். ஓடையோரக் களிமண், ஆறு கீற்று. டுடா கோடு போட்டார்.

*

பங்குனியில் பெருங்கலப்பை இறங்கியது. எட்டு எருது, ஐந்து வீட்டிலிருந்து. அதில் செம்பனும் ஒன்று. வயதானாலும் நடை அறிந்தவன் என்று முன்வரிசையில் பூட்டினார்கள். கலப்பை எந்த வயலுக்கு எப்போது என்று குச்சி போட்டுப் பார்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை ஹெக்கா மேடு, அது முடிந்ததும் கீழே மில்ட்ரித்தின் களிமண். உழுகிற வீட்டார் எல்லாரும் கூட நடக்க வேண்டும், கட்டி உடைக்க, வேர் பொறுக்க. வராத வீட்டின் நிலத்தைக் கலப்பை தாண்டிப் போய்விடும்.

அதனால் மில்ட்ரித் போனாள். கருவாலித் தோப்பைக் கடந்து, தன் மேட்டில் மற்றவர்களோடு ஏறினாள். டில்ரெட்டின் மனைவி கொட்டகை வாசலில் நின்று ரொட்டி வேண்டுமா என்று கேட்டாள். டிப்பா எங்கோ பார்த்தாள். மில்ட்ரித் காலைச் சாப்பாடு ஆயிற்று என்றாள். ஆகவில்லை.

முதல் இரண்டு சால் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் சாலில் பழைய மாட்டுக்கொட்டில் இருந்த இடம் வந்ததும் செம்பன் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடம் கட்டுத்தறிக்குத் திரும்பிய இடம். தலையைத் தாழ்த்திக்கொண்டு, வந்து சேர்ந்துவிட்டேன் என்பதுபோல் நின்றது. தார்க்கோல் வைத்தவன் குத்தினான், டில்ரெட்டின் மூத்த மகன் வாலை முறுக்கினான். மற்ற ஏழு எருதும் ஒன்றோடொன்று மோதி நுகம் கோணிக்கொண்டது. மேற்கே மழை கருத்து வந்தது. நனைந்துவிட்டால் கீழே களிமண்ணில் எட்டு நாளைக்குக் கலப்பை வைக்க முடியாது. அது எல்லாருக்கும் தெரியும், மில்ட்ரித்துக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அந்த எருது அவள் குரலுக்குத்தான் நகரும். அதுவும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தார்க்கோல்காரன் டில்ரெட்டைப் பார்த்தான். டில்ரெட் அவளைப் பார்த்தான். கூட்டத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியதில்லை.

"அக்கா," என்றான். "கூப்பிடு."

"கூப்பிடாதேம்மா," என்றாள் டிப்பா மெதுவாக.

மில்ட்ரித் வேர்க்கட்டையைக் கீழே போட்டுவிட்டு அவனிடம் வந்தாள்.

"நெலம் கேக்கலை," என்றாள். "அது போச்சு. எனக்குன்னு சொல்லித்தான் நெருப்பு போட்டேன்னு ஒரு தடவை சொல்லு. இங்க இருக்கறவங்க காதுல விழட்டும். நான் பொய்க்காரி இல்லைன்னு தெரியட்டும். கூப்பிடறேன்."

ஹூன்ஸ்டான் உட்பட எட்டு ஒன்பது பேர் நின்றார்கள். டில்ரெட் தன் பிள்ளைகளைப் பார்த்தான், நான்கு பேரும் அங்கே இருந்தார்கள். உதடு ஒருமுறை பிரிந்தது. பிறகு வானத்தைப் பார்த்தான்.

"மழை வருது அக்கா," என்றான்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அவனுக்கு மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுக்க நின்றாளா, தன்னை ஒருமுறை தேற்றிக்கொள்ள நின்றாளா, பக்கத்தில் இருந்த டிப்பாவாலும் சொல்ல முடியவில்லை. முதல் தூறல் அவள் புறங்கையில் விழுந்தது. கீழே ஆறு கீற்றுக் களிமண்ணும் விதைக்காகக் காத்துக்கிடந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு அவர்கள் இருவருக்கும் இருந்தது அது ஒன்றுதான்.

முன்னால் போய் எருதின் காதோரம் குனிந்தாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் தம்பியிடம், திரும்பிப் பார்க்காமல். "புது ஆள் பக்கத்துல நின்னா மாடு மிரளும்."

இடுப்பில் சுமந்தவனை அவள் அன்றுவரை நீ என்றுதான் அழைத்திருந்தாள். டில்ரெட் இரண்டடி பின்வாங்கினான். அவள் செம்பனைக் கூப்பிட்டாள், வீட்டுக்குக் கூப்பிடுகிற அதே குரலில். எருது நுகத்தை இழுத்தது. கலப்பை கொட்டில் தரையைக் கிழித்துக்கொண்டு போனது. கருமண் பளபளவென்று புரண்டு விழுந்தது.

மழை வலுப்பதற்குள் களிமண்ணில் நான்கு கீற்றுக்கு உழவு ஆனது. மீதி இரண்டு அந்த வருடம் தரிசாகக் கிடந்தது. அதன்பின் மில்ட்ரித் வரிசையில் பத்தொன்பது வருடம் இருந்தாள். டிப்பாவுக்கு அங்கேயே கல்யாணம் செய்துவைத்தாள். தம்பியும் பின்னாளில் மேட்டை விட்டு வரிசைக்கே வந்து, அவளுக்கு மூன்றாம் வீட்டில் குடியிருந்தான். பார்க்கும்போதெல்லாம் "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பாள். அவன் பதில் சொல்வதற்குள் தாண்டிப் போய்விடுவாள்.